காற்றுக்கு முதல் போட்டவர்கள்



நான் பேசவிருக்கும் பொருளாதாரம் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பெரியவர் ஒரே தவணையில் ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டுப் போனார். அந்த வட்டியில் ஆண்டுக்கு ஒருவர் வந்து பேசுகிறார், கேட்பவர்களுக்குத் தேநீரும் கிடைக்கிறது. காற்றாலையும் சூரிய மின் நிலையமும் இதே வகைதான். செலவு முழுவதும் முதல் நாளே முடிந்துவிடும். பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நிலக்கரி வாங்க வேண்டாம், கப்பல் வாடகை கிடையாது, டாலர் விலையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம்: வட்டி ஏறினால் உங்கள் அறக்கட்டளைக்கு நல்லது, காற்றாலைக்குக் கேடு.

எவ்வளவு கேடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மெகாவாட் காற்றாலை 7 கோடி ரூபாய், ஆண்டுக்கு 25 லட்சம் யூனிட் உற்பத்தி, 20 ஆண்டு ஆயுள். முதலீட்டுப் பணம் 8 விழுக்காட்டில் கிடைத்தால், அசலையும் வட்டியையும் அடைக்க ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 85 காசு தேவைப்படும். அதே பணம் 12 விழுக்காட்டில் கிடைத்தால் 3 ரூபாய் 75 காசு. இயந்திரமும் இடமும் காற்றும் மாறவில்லை. கடன் கொடுத்தவரின் மனதில் இருந்த அச்சம் ஒன்றுதான் யூனிட்டுக்கு 90 காசு கூட்டியது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி விலை ஆடுகிற ஆட்டத்தை இங்கே வட்டி ஆடுகிறது.

அந்த அச்சத்தைக் குறைப்பதுதான் பொதுப்பணத்தின் வேலை. ஆகவே, குறைந்த கரிம உமிழ்வுள்ள மின்சாரத்துக்கு அரசு பணம் போடுவதா, தனியார் போடுவதா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகப் போவதில்லை. தமிழ்நாட்டில் காற்றாலைகள் வந்த கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் செயற்கையாகத்தான் தெரியும். கோபுரங்களை நிறுத்தியவர்கள் தனியார். அவர்கள் துணிந்து வரக் காரணமான அளவீடு, முன்மாதிரி, வரிச்சலுகை, மின்பாதை எல்லாம் பொதுப்பணம். பொதுப்பணம் தன் பங்கைச் செய்த இடத்தில் தனியார் பணம் ஓடி வந்தது. அது பின்தங்கிய இடத்தில், நிறுவிய இயந்திரமே ஆடிக் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

முன்கதை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அரசு கட்டிய நிலையம். அந்த மின்சாரம் நீலகிரி மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கு வந்தது. ஆலைகள் பெருகின, விவசாயிகளின் கிணறுகளில் பம்புசெட் ஓடியது. அதே காலத்தில் சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் மின்சாரத்தை வீட்டுக்கு வீடு விற்றவை தனியார் நிறுவனங்கள். மின்வாரியம் உருவானது 1957இல்தான். அரசும் தனியாரும் கலந்து நடப்பது நமக்கு 1991இல் தாராளமயத்தோடு புதிதாக வந்து சேர்ந்த விஷயமல்ல. பைகாராவால் வளர்ந்த அந்த ஆலைக்காரர்களின் அடுத்த தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும்தான் பிற்பாடு காற்றாலை வாங்கப் போனார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி காற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை நீளமான சுவர். அதில் சில இடைவெளிகள் இருக்கின்றன: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல்கள் வழியாகப் பிதுங்கிக்கொண்டு கிழக்கே வரும்போது வேகம் எடுக்கிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போனவர்களுக்கு முப்பந்தல் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்த அனுபவம் இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் காற்று காலங்காலமாகத் தெரியும். ஆனால் வங்கி மேலாளருக்கு ஊர்க்காரர் சொல் போதாது. எத்தனை மீட்டர் உயரத்தில், எந்த மாதத்தில், வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று எழுத்தில் வேண்டும்.

அதை எழுதிக் கொடுத்தவர்களில் முதலிடம் அன்னா மாணிக்கு. பீர்மேட்டில் பிறந்து, சென்னையில் படித்து, சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் நமக்கு முக்கியம். நாடு முழுவதும் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். இந்தியக் காற்று வேகத் தரவுகளைத் தொகுத்து 1983இல் நூலாக வெளியிட்டார். பிறகு ஊர் ஊராகக் கம்பம் நட்டு, கருவி பொருத்தி, மாதக்கணக்கில் பதிவு எடுத்து, இந்த இடத்தில் ஆலை போடலாம், இந்த இடத்தில் வேண்டாம் என்று தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். எந்தத் தனியார் நிறுவனமும் அன்றைக்கு இதைச் செய்திருக்காது. செய்தாலும் அடுத்தவருக்குச் சொல்லியிருக்காது. கம்பத்துக்கும் கருவிக்கும் ஆன செலவு, பின்னால் வந்த கோடிகளோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் போடப்பட்ட பணங்களிலேயே அதிகப் பலன் தந்தது இந்தச் சில்லறைதான் என்பது என் கருத்து. அவர் பெயரை நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் போடலாம்.

அடுத்தது முன்மாதிரி. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசுச் செலவில் சில காற்றாலைகள் நின்றன. குஜராத்தில் ஓகாவிலும் மகாராஷ்டிரத்திலும் அதே சமயம் இதே முயற்சி நடந்தது. பிறகு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு பண்ணைகள் வந்தன. மின்வாரியத்தின் சொந்தக் காற்றாலைகளை எல்லாம் கூட்டினாலும் 20 மெகாவாட்டைத் தொடவில்லை. ஆனால் அந்த 20 மெகாவாட்டைப் பார்க்கக் கோவையிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காத்தாடி சுற்றுகிறது, மீட்டர் ஓடுகிறது, பழுதானால் சரிசெய்ய முடிகிறது என்று கண்ணால் கண்டார்கள். இன்று மாநிலத்தில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மிகப் பெரும்பகுதி தனியாருடையது. நீண்ட காலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் குஜராத் முந்திக்கொண்டது.

கண்ணால் கண்டது மட்டும் போதுமா? போதாது. 1990களின் தொடக்கத்தில் காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. நிறுவனங்களுக்கான வரி அப்போது 40 விழுக்காட்டுக்கும் மேல். நல்ல லாபத்தில் ஓடுகிற ஒரு நூற்பாலை ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால், அந்த ஆண்டு கட்டவேண்டிய வரியில் 40 லட்சத்துக்கும் மேல் கையில் தங்கும். பின்னாளில் அந்த வரி வேறு வழியில் வந்து சேரும் என்பது உண்மைதான், ஆனால் இன்றைய 40 லட்சம் இன்றைய 40 லட்சம்தான். அரசு சொந்தமாக 1987இல் தொடங்கிய இரெடா என்கிற மரபுசாரா எரிசக்திக் கடன் நிறுவனம் மீதிக்குக் கடன் கொடுத்தது. ஆக, "தனியார் முதலீடு" என்று நாம் பெருமையாகச் சொல்வதில் கணிசமான பங்கு கருவூலத்துக்கு வராமல் போன வரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சொத்தை அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் தொடக்கத்துக்குள் ஆலை ஓடியாக வேண்டும். எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கிரேன் கிடைக்காது. மின்வாரிய அலுவலகத்தில் இணைப்புக்குக் கூட்டம் நிற்கும். அதைத் தவறவிட்டவர்கள் பாதிச் சலுகையாவது கிடைக்கட்டும் என்று மார்ச் கடைசியில் ஓடுவார்கள். காற்று சீசனோ மே மாதம் தொடங்கிச் செப்டம்பரோடு ஓயத் தொடங்கும். அதாவது ஆலை நிறுவும் அவசரம், காற்று முடிகிற நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆடிட்டரின் நாள்காட்டிக்கும் வானிலை நாள்காட்டிக்கும் ஒட்டே இல்லை. சலுகை, ஆலை நிறுவியதற்குக் கிடைத்ததே தவிர அது எத்தனை யூனிட் தந்தது என்று கேட்கவில்லை. காற்று மறைவில் வைத்தாலும், பராமரிக்காமல் விட்டாலும், வரி மிச்சமானது மிச்சமானதுதான்.

இப்படி வளர்ந்த தொழில் ஒரு பட்ஜெட் உரைக்கு ஆடிப்போகும். 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. லாபம் காட்டும் நிறுவனம் எப்படியும் கொஞ்சம் வரி கட்டியே ஆகவேண்டும் என்றதும் காற்றாலை வாங்குவதன் ருசி போய்விட்டது. சில உற்பத்தி நிறுவனங்கள் நொடித்துப் போயின. பிறகு தேய்மானச் சலுகை 80 விழுக்காடாக இறங்கி நிலைத்தது, 2009இல் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை சேர்ந்தது. இதுதான் சரியான திசை, ஏனென்றால் உற்பத்தியானால்தான் காசு. 2012 ஏப்ரலில் இரண்டும் ஒன்றாக விலகின. முந்தைய நிதியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,200 மெகாவாட் காற்றாலை சேர்ந்திருந்தது, அந்த ஆண்டு 1,700. பிறகு இரண்டும் திரும்பி வந்தன. 2017இல் ஊக்கத்தொகை மறுபடி நின்றது, தேய்மானம் 40 ஆனது, விலை நிர்ணயம் ஏலத்துக்கு மாறியது. 2016-17இல் 5,500 மெகாவாட்டாக இருந்த சேர்க்கை அடுத்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. சலுகை கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தாலும் பத்தாண்டுக்கு இன்னின்ன அளவு, இப்படி இப்படிக் குறையும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இழுத்து இழுத்து விடுகிற சலுகையைவிடக் குறைந்த, நிலையான சலுகை மலிவாக முடியும்.

இதுவரை சொன்னது இயந்திரத்தின் கதை. இனிமேல்தான் கம்பியின் கதை. என் உரையின் மையமும் இதுதான்.

ஆலைக்காரர் காற்றாலை வாங்கியது மின்வாரியத்துக்கு விற்க மட்டுமல்ல. ஆரல்வாய்மொழியில் உற்பத்தியாகும் யூனிட்டைக் கோவையில் உள்ள தன் ஆலையின் உயரழுத்த மின் இணைப்பில் கழித்துக்கொள்ளலாம். நடுவில் வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டு போவதற்கு வீலிங் கட்டணம். ஜூலையில் தேவைக்கு மேல் உற்பத்தியானால் அந்த யூனிட்டை வாரியத்திடம் கணக்கில் போட்டுவைத்து, காற்றில்லாத டிசம்பரிலும் ஜனவரியிலும் எடுத்துக்கொள்ள முடிந்தது. இதற்குப் பெயர் பேங்கிங். மாதா மாதம் காற்றாலையின் மீட்டரைப் படித்து, எத்தனை யூனிட் ஏறியது, எத்தனை யூனிட்டைக் காற்றாலை தானே கம்பியிலிருந்து இழுத்தது என்று சீட்டு வரும். அந்தச் சீட்டை வைத்துக் கோவையில் பில் குறையும். தமிழ்நாட்டின் நூற்பாலைத் தொழில் மின்வெட்டுக் காலங்களைத் தாண்டிப் பிழைத்திருந்ததில் இந்தச் சீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காற்று கொட்டுகிற ஜூலை நள்ளிரவில் வந்த யூனிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டுப்பாட்டு மாதத்தில் அதே யூனிட்டைத் திருப்பித் தரவேண்டும் என்றால் வாரியம் வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்கித்தான் தரவேண்டியிருக்கும். வாரியம் என்ன, உண்மையிலேயே யூனிட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கவா முடியும்? இந்தச் செலவு கடைசியில் மற்ற நுகர்வோரின் தலையில்தான் விழும். ஆகவே பேங்கிங்கைக் குறைக்க வாரியமும், காக்க ஆலைகளும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் ஆண்டுக்கணக்காக வழக்காடி வருகின்றன. இரு தரப்பும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: பேங்கிங் என்பது, நாம் கட்டத் தவறிய சேமிப்பு நிலையங்களுக்குப் பதிலாகக் காகிதத்தில் செய்துகொண்ட ஏற்பாடு.

2010க்குப் பின் சில ஆண்டுகள் நிலைமை முற்றியது. தென்கோடியில் ஆயிரக்கணக்கான மெகாவாட் காத்தாடிகள் நிற்கின்றன. அங்கிருந்து மின்சாரத்தை வடக்கே எடுத்துச் செல்லப் போதிய 230, 400 கிலோவோல்ட் பாதைகள் இல்லை. தென்மண்டல மின்தொகுப்பே நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணையாமல் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத்தான் அந்த இணைப்பு நடந்தது. மாநிலத்தில் கடும் மின்வெட்டு இருந்த ஆண்டுகளிலேயே காற்று சீசனில் துணை மின் நிலையத்திலிருந்து தொலைபேசி வரும்: "நிறுத்துங்க, லோடு எடுக்க முடியலை." இதை இத்துறையில் பேக் டவுன் என்பார்கள். ஓர் ஆலைக்காரர் தன் காற்றாலை நல்ல காற்றில் இறக்கையைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அதே மாலை தன் நூற்பாலையில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார். பற்றாக்குறையும் வீணும் ஒரே மாநிலத்தில், ஒரே நாளில்.

காற்று, சூரிய மின்சாரத்துக்குக் கட்டாய முன்னுரிமை தரவேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் மின்தொகுப்பு விதிமுறை சொன்னது. தொகுப்பின் பாதுகாப்புக்காக மட்டும் நிறுத்தலாம். ஆனால் பாதுகாப்பு எது, பணமுடை எது? சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தமிழகத்தில் தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் வணிகக் காரணத்துக்காகவும் உற்பத்தி நிறுத்தப்பட்டது என்று கண்டு, இழப்பீடு தரச் சொன்னது. இனி வரும் ஒவ்வொரு கடன் விண்ணப்பத்திலும் வங்கிக்காரர் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு சொன்ன 90 காசு எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும்.

கம்பி விஷயத்தில் நாம் திருந்தவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பசுமை எரிசக்தித் தடம் என்ற திட்டத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. அதில் 40 விழுக்காடு மத்திய அரசின் மானியம், 20 விழுக்காடு மாநிலத்தின் பங்கு, மீதி 40 விழுக்காடு ஜெர்மனி அரசின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன். தேனிப் பக்கம் தப்புக்குண்டு, கோவைப் பக்கம் ராசிபாளையம் என்று 400 கிலோவோல்ட் நிலையங்கள் வந்தன. 2022இல் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, அதிலும் நாம் இருக்கிறோம். ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள 800 கிலோவோல்ட் நேர்மின் பாதையை, 6,000 மெகாவாட் திறனோடு, பொதுத்துறை நிறுவனமான பவர்கிரிட் கட்டியது. சத்தீஸ்கரின் நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவரப் போட்ட பாதை அது. தேவைப்பட்டால் எதிர்த்திசையிலும் மின்சாரம் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். காற்று மிஞ்சினால் நாம் வடக்கே விற்கலாம். கம்பிக்கு நிலக்கரி யூனிட், காற்று யூனிட் என்ற பேதம் கிடையாது. மின்பாதையில் போட்ட பொதுப்பணம் வீணாவது அபூர்வம் என்று நான் சொல்வதற்கு இதுவே போதிய சான்று.

அடுத்து, வாங்குகிறவரின் கைப்பணம். மின்வாரியத்தின் இடத்தில் வந்த தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகத்தின் திரண்ட நட்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணம் திருத்தப்படவில்லை. உழவர்களுக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். இவை வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். நான் உழவர் மின்சாரத்துக்கு எதிரி அல்ல. ஆனால் அந்தக் கொடைக்கான பணத்தை அரசு உரிய காலத்தில் முழுதாகக் கழகத்துக்குத் தராதபோது, அந்தக் கொடையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள்? ஓராண்டுக்கும் மேல் பில் பணம் வராமல் காத்திருந்த காற்றாலைக்காரர் கொடுத்தார். அவருக்குக் கடன் கொடுத்த வங்கி கொடுத்தது. அதை ஈடுகட்ட அடுத்த திட்டத்தில் விலையைக் கூட்டினார்கள். 2017இல் மத்திய அரசின் உதய் என்ற மின்கழகக் கடன் சீரமைப்புத் திட்டத்தில் சேர்ந்து 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. பிறகும் கடன் வளர்ந்தது. 2022இல் தாமதக் கட்டண விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, பாக்கி வைத்தால் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்க முடியாது என்ற நிலையை உண்டாக்கிய பிறகுதான் பழைய பாக்கி தவணை தவணையாக அடையத் தொடங்கியது. ஒரு பைசா மானியம் இல்லாமல், ஒரு விதியால் நடந்த காரியம் இது.

கமுதியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நிறைவாகாது. 2014இல் ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை நிர்ணயித்தது. அந்த விலையில் 25 ஆண்டு ஒப்பந்தம். அதை நம்பி அதானி குழுமம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 4,550 கோடி ரூபாய் செலவில் 648 மெகாவாட் நிலையத்தை 2016இல் அமைத்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சுமார் 25 லட்சம் பலகைகள், தூசி துடைக்கத் தானியங்கிக் கருவிகள். வேகமாகக் கட்டினார்கள் என்பதில் ஐயமில்லை. 2017இல் இதே தமிழ்நாட்டில் ஏலம் விட்டபோது சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 காசுக்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டில் பாதி விலை. முன்னால் போகிறவர் அதிகம் கொடுக்கத்தான் வேண்டும், ஜெர்மனி நம்மைவிடப் பல மடங்கு கொடுத்தது, அந்தக் கொடையால்தான் பலகை விலையே இறங்கியது. என் குறை வேறு. விலை சரிகிறது என்று உலகம் முழுவதற்கும் தெரிந்த நேரத்தில், பெரிய அளவை ஒரே விலையில் 25 ஆண்டுக்குப் பூட்டினோம். சிறு சிறு ஏலமாக விட்டிருக்கலாம். அந்தச் சுமையும் இன்று பகிர்மானக் கழகத்தின் கணக்கில்தான் இருக்கிறது.

சேமிப்பைப் பற்றிக் கொஞ்சம். மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது கோடை உச்சம், காற்று இன்னும் முழுதாக வராத நேரம். சூரியன் பகலில் தரும், விளக்கேற்றும் நேரத்தில் கைவிடும். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட்: மிச்சமான மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 1980களின் பிற்பகுதியில் அரசு கட்டியது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இன்னொன்று வரவில்லை. நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம், 500 மெகாவாட், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2024இல் தனியாரும் நீரேற்று நிலையம் அமைக்கலாம் என்று மாநிலம் கொள்கை வெளியிட்டது. வரட்டும். ஆனால் வனத்துறை அனுமதி, மலைச்சரிவின் பாதுகாப்பு, நீர் உரிமை எல்லாம் சிக்கலான விஷயங்கள். வயநாட்டு நிலச்சரிவைப் பார்த்த பிறகு மலையைக் குடைய அவசரப்படக் கூடாது. பகலின் மிச்சத்தை மாலைக்குக் கொண்டுபோக மின்கலங்கள் மலிவாகி வருகின்றன, துணை மின் நிலைய வளாகத்திலேயே வைக்கலாம். அதை முதலில் செய்வது புத்திசாலித்தனம்.

கடலில் காற்றாலை அமைக்க 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் அனுமதித்தது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500, துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 7 கோடி மானியம், அதாவது நிலத்தில் ஒரு காற்றாலையே நிறுவிவிடக்கூடிய தொகை. முள்ளக்காட்டைப் போல இதையும் பாடம் படிக்கும் செலவாக எடுத்துக்கொண்டால் நியாயம். அதற்கு மேல் அவசரமில்லை. ஏனென்றால் நிலத்திலேயே மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் 1990களில் நிறுத்திய 225, 250 கிலோவாட் குட்டிக் காத்தாடிகள் இன்னும் நிற்கின்றன. இன்று ஒரே கோபுரத்தில் 3 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கிறார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட 2024இல் மாநிலம் கொள்கை வெளியிட்டது. கட்டணங்கள் அதிகம் என்று உரிமையாளர் சங்கங்கள் முறையிட்டன. இதில் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்தால், கடலில் கால் வைக்காமலேயே பல நூறு மெகாவாட் வரும்.

இடம் கொடுத்த ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு நிலம் பெரும்பாலும் கிரயத்துக்கே வாங்கப்பட்டது. மானாவாரி நிலத்துக்கு அன்று வந்த விலை நல்ல விலைபோலத் தெரிந்திருக்கும். விற்றவரின் மகன் இன்று அதே கோபுரத்தின் கீழே வாட்ச்மேன். நமக்கு இயந்திரம் கொடுத்த டென்மார்க்கில், ஊர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து காற்றாலை நிறுவியதில்தான் அந்தத் தொழிலே வளர்ந்தது. 2009 முதல் சில ஆண்டுகள், புதிய காற்றாலை வைப்பவர் குறைந்தது 20 விழுக்காடு பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று அங்கே சட்டமே இருந்தது. நாம் இயந்திரத்தை இறக்குமதி செய்தோம், அந்த ஏற்பாட்டைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். பழைய காத்தாடிகளை மாற்றும் இந்த நேரத்தில், ஊராட்சிக்கு யூனிட் கணக்கில் ஒரு பங்கு என்று எழுதுவது கடினமான காரியமல்ல.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் மொத்தமாக 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாக அறிவித்தார்கள். இனியும் மாநாடுகள் நடக்கும், இன்னும் பெரிய தொகைகள் அறிவிக்கப்படும். மாணவ நண்பர்களே, பத்திரிகையில் எழுதப் போகிறவர்களே, நாளை சட்டமன்றத்தில் உட்காரப் போகிறவர்களே, எரிசக்திக்கு இத்தனை கோடி என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த மின்சாரம் எந்தத் துணை மின் நிலையத்தில் வந்து சேரப் போகிறது, அந்த நிலையம் கட்டி முடிந்துவிட்டதா? வாங்கிய மின்சாரத்துக்குப் பகிர்மானக் கழகம் எத்தனை நாளில் பணம் கொடுக்கும்? ஒவ்வொரு துணை மின் நிலையத்திலும் எத்தனை யூனிட் நிறுத்தப்பட்டது, என்ன காரணம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற விவரத்தை மாதந்தோறும் தமிழில் வெளியிடும்படி அரசைக் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.